பழைய பேஸ்பால் கார்டுகளும் 'ஒரு கப் காபி' ஆட்டக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மர அலமாரி இருக்கிறது. நான்கு தட்டு நிறையப் பழைய பேஸ்பால் கார்டுகள். வீட்டுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்பது அதைப் பற்றித்தான். பதினைந்து வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள். போதாக்குறைக்கு, என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்கர்களுக்கே பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள். "இது யாருங்க?" என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்பார்கள். பதிலை எழுதிவைத்துவிட்டால் காபியாவது ஆறாமல் இருக்கும் என்று தொகுத்தது இது.

பேஸ்பால் கார்டுன்னா என்ன? நாம சின்ன வயசுல பப்பிள்கம் கூட வாங்கின கிரிக்கெட் கார்டு மாதிரியா?

அதேதான். அதற்குப் பாட்டன் முறை என்று சொல்லலாம். 1880களில் அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகள் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக எதற்கு என்று அதில் நடிகைகள், பறவைகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் படங்களை அச்சடித்தார்கள். 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டோடு வந்த புகைப்படக் கார்டுகள் அந்தக் காலத்தவை. அப்புறம் 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் பல பிராண்டுகளில் வெளியிட்ட வண்ணக் கார்டுகள்தான் இன்று எல்லோரும் பேசும் 'டி206' வரிசை. மொத்தம் 524 கார்டுகள் என்பது வழக்கமான கணக்கு.

1930களில் சிகரெட்டின் இடத்துக்குச் சூயிங்கம் வந்தது. 1933இல் கௌடி கம்பெனி 240 கார்டு வரிசை ஒன்றை அறிவித்து, 106ஆம் எண்ணை மட்டும் அச்சடிக்காமல் விட்டது. பையன்கள் அதைத் தேடித் தேடி கம் வாங்கினார்கள். விசாரித்து எழுதியவர்களுக்கு அடுத்த வருடம் நாப் லாஜோயி என்ற பழைய நட்சத்திரத்தின் படத்தோடு அந்த 106ஐத் தபாலில் அனுப்பினார்கள், காகிதத்தில் கிளிப் குத்தி. இன்று கிடைக்கும் லாஜோயி கார்டுகள் பலவற்றில் அந்தக் கிளிப் தழும்பு உண்டு. வியாபாரத் தந்திரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போமன் கம்பெனி, அதன்பின் புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் கம்பெனி. 1952இல் டாப்ஸ் 407 கார்டுகள் கொண்ட பெரிய வரிசையைக் கொண்டுவந்தது. முன்பக்கம் வண்ணப் படம், அணிச் சின்னம், கையெழுத்து. பின்பக்கம் ஆட்டக் கணக்கு. இன்று வரை கார்டு என்றால் அந்த அமைப்புதான். 1956இல் போமனையும் டாப்ஸே வாங்கிவிட்டது.

'வின்டேஜ்'னு எந்த வருஷம் வரைக்கும் சொல்லலாம்?

சட்டம் எதுவும் கிடையாது. டாப்ஸ் ஒரே வருடத்துக் கார்டுகளைத் தவணை தவணையாக வெளியிட்டது 1973 வரை. அதோடு வின்டேஜ் முடிந்தது என்பது ஒரு கட்சி. 1981இல் ஃப்ளீர், டான்ரஸ் என்று போட்டிக் கம்பெனிகள் வந்தன. அதற்கு முந்தைய எல்லாமே வின்டேஜ் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றை 'ப்ரீ-வார்' என்று தனியாகச் சொல்வார்கள்.

எனக்கு பேஸ்பாலே புரியாது. கார்டைப் பார்த்து என்ன செய்ய?

மூன்று விஷயம் போதும். பந்து போடுகிறவர் பிட்சர். நான்கு பந்தைக் குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே போட்டுவிட்டால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நடந்து போகலாம், அது 'வாக்'. உச்சத்தில் இருப்பது மேஜர் லீக், அதற்குக் கீழே ஊர் ஊராக மைனர் லீக்குகள். மைனரில் பத்து வருடம் ஆடியவர்களுக்கும் மேலே இருந்து ஒரே ஒரு அழைப்பு வருமா என்பதுதான் வாழ்க்கைப் பிரச்சினை. நம் ரஞ்சி ஆட்டக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

அது என்ன 'ஒரு கப் காபி' ஆட்டக்காரர்?

மேலே போய், ஒரு காபி குடிக்கிற நேரம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அமெரிக்கப் பேஸ்பால் வட்டாரத்தின் பழைய சொல்வழக்கு. மேஜர் லீக் தொடங்கியதிலிருந்து 20,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஆடியிருக்கிறார்கள். பெயர் நிலைத்தவர்கள் சில நூறு பேர். மிச்சமிருப்பவர்களில் பலருக்கு ஒரு சீசன், ஒரு மாதம், சிலருக்கு ஒரு மாலை நேரம்தான்.

ஒரே ஒரு ஆட்டம் ஆடினவங்க நிஜமாவே இருக்காங்களா?

நிறையப் பேர். எல்லோருக்கும் தெரிந்தவர் ஆர்ச்சிபால்ட் 'மூன்லைட்' கிரகாம். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக, புரூக்ளினில், ஆட்டம் முடியும் நேரத்தில் வலது மூலையில் போய் நின்றார். பேட் பிடிக்க முறை வரவில்லை. அவ்வளவுதான், மேஜர் லீக்கில் அவர் கணக்கு முடிந்தது. பிறகு மருத்துவராகி, மினசோட்டாவின் சிஷோம் என்ற சுரங்க ஊரில் பல பத்தாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார். குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி ஆய்வும் செய்தார். 1965இல் இறந்தார். 1989இல் வந்த 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' படத்தில் ஒரு பாத்திரமானதால்தான் உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது.

எனக்கு அவரைவிட ஜான் பசியோரெக் பெரிய ஆச்சரியம். 1963 செப்டம்பர் 29, சீசனின் கடைசி நாள். ஹூஸ்டன் அணி 18 வயதுப் பையன் ஒருவனை இறக்கிவிட்டது. மூன்று முறை அடித்தான், மூன்றும் ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்ந்தான். இரண்டு முறை வாக். நான்கு ரன் எடுத்தான், மூன்று ரன் எடுக்க வைத்தான். ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை. முதுகில் கோளாறு, அறுவை சிகிச்சை, அப்புறம் மேஜர் லீக் மைதானத்தை அவர் மிதிக்கவே இல்லை. சராசரி 1.000 என்று நிரந்தரமாகப் பதிவில் இருக்கிறது. அவருடைய தம்பி டாம் அதே லீக்கில் 18 சீசன் ஆடினார். அண்ணன் கலிபோர்னியாவில் உடற்பயிற்சி ஆசிரியரானார். கிரிக்கெட்டில் ஒரே டெஸ்ட் ஆடி 112 ரன் எடுத்துவிட்டு மறுபடி அழைக்கப்படாத வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி கான்டோம் நினைவுக்கு வருகிறாரா? அதே ஜாதகம்.

லாரி யவுன்ட் கதை இதைவிடக் கொடுமை. 1971 செப்டம்பர் 15 அன்று ஹூஸ்டனுக்குப் பந்துபோட வந்தார். பெயரை அறிவித்தாகிவிட்டது. முன்னோட்டமாகச் சில பந்துகள் போடும்போதே முழங்கையில் வலி. ஒரு பேட்டரையும் சந்திக்காமல் வெளியேறினார். அறிவித்துவிட்டால் ஆடியதாகத்தான் கணக்கு. அதனால் ஒரு ஆட்டம், பூஜ்யம் பந்து. அவருடைய தம்பி ராபின் யவுன்ட் 3,142 ஹிட் அடித்து, பேஸ்பால் மேதைகளுக்கான புகழ்மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) இருக்கிறார். ஒரே ஆட்டம் ஆடியவர்கள் எல்லோரும் மறைந்துபோகவில்லை என்பதற்கும் ஆள் உண்டு. 1936இல் ஒரே முறை பேட் பிடித்து அவுட் ஆன வால்டர் ஆல்ஸ்டன்தான் பின்னாளில் டாட்ஜர்ஸ் அணியை 23 சீசன் நடத்திய மேனேஜர்.

3 அடி 7 அங்குல ஆள் ஒருத்தர் ஆடினாராமே, கட்டுக்கதையா?

நடந்தது. 1951 ஆகஸ்ட் 19, செயின்ட் லூயி பிரவுன்ஸ் அணி. எடி கெய்டல். முதலாளி பில் வெக்குக்குக் கூட்டம் சேர்க்க ஏதாவது செய்தாக வேண்டும். சட்டை எண் 1/8. டெட்ராய்ட் பிட்சர் பாப் கெய்ன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்கு பந்து போட்டார், நான்கும் தலைக்கு மேலே. கெய்டல் முதல் பேஸுக்கு நடந்தார், அவருக்குப் பதில் ஓட வேறொருவர் வந்தார். மறுநாளே லீக் தலைவர் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பத்து வருடம் கழித்து, 36 வயதில் கெய்டல் இறந்தபோது பேஸ்பால் உலகத்திலிருந்து சாவுக்கு வந்தவர் பாப் கெய்ன் ஒருவர்தான். வேடிக்கைக் கதையாகவே இதைச் சொல்கிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

சரி, இவங்களுக்கெல்லாம் கார்டு இருக்கா?

ஆடிய காலத்தில் வெளிவந்த கார்டு பெரும்பாலும் இருக்காது. காரணம் எளிமையானது. டாப்ஸ் ஆட்கள் மைனர் லீக் ஊர்களுக்குப் போய், பையன்களிடம் 5 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவைப்பார்கள். 'ஸ்டேக் காசு' என்று அதற்குப் பெயர். ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்கு ஆகும். மேலே போய் நிலைத்தால் வருடத்துக்கு 125 டாலர், இல்லாவிட்டால் அதற்கு ஈடான பொருளைப் பரிசுப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யார் படத்தை அச்சடிப்பது என்று குளிர்காலத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் வந்து ஒரே நாள் ஆடிவிட்டுப் போனவர் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்? மறுபக்கம், நம்பி அச்சடித்த சில பையன்கள் மேஜர் லீக்குக்கு வராமலே போனார்கள். அவர்களுக்குக் கார்டு உண்டு, ஆட்டம் இல்லை.

125 டாலர் விஷயம் மாறியது ஆட்டக்காரர் சங்கத்தை நடத்த மார்வின் மில்லர் வந்த பிறகு. 1968இல் ஆட்டக்காரர்கள் டாப்ஸ் கேமராவுக்கு முகம் காட்ட மறுத்தார்கள். தொகை 250 ஆனது, விற்பனையிலும் பங்கு வந்தது.

கார்டு கிடைக்காதவர்களுக்காகப் பின்னாளில் சேகரிப்பாளர்களே வேலை செய்தார்கள். விஸ்கான்சினில் கார்டு வியாபாரத்தையே முழுநேரத் தொழிலாக்கிய லாரி ஃப்ரிட்ஷ் 1970களின் கடைசியில், குறுகிய காலம் ஆடியவர்களுக்கென்றே 'ஒன் இயர் வின்னர்ஸ்' என்ற வரிசையை அச்சடித்தார். விலை போகாது என்று தெரிந்தே செய்த காரியம். எனக்கு மரியாதை அதனால்தான்.

மேஜர் லீக்ல பேட்டே பிடிக்காத ஒருத்தருக்கு கார்டு இருக்காமே?

ஹெர்ப் வாஷிங்டன். ஓட்டப்பந்தய வீரர், பேஸ்பால்காரர் அல்ல. ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி, ஓடுவதற்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும் என்று 1974இல் எடுத்துக்கொண்டார். 105 ஆட்டம், 31 திருட்டு பேஸ் (யாரும் அடிக்காதபோதே ஓடிப்போய்ப் பிடிக்கும் அடுத்த பேஸ்), 33 ரன். ஒரு முறைகூட பேட் பிடிக்கவில்லை, களத்தடுப்பும் செய்யவில்லை. 1975 டாப்ஸ் கார்டில் 'பிட்சர்', 'கேட்சர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பிஞ்ச் ரன்' என்று அச்சாகியிருக்கும். அப்படிப் போட்ட கார்டு அது ஒன்றுதான். பிறகு ஹாம்பர்கர் கடைகள் நடத்தி நன்றாக வாழ்ந்தார் மனிதர். கார்டு ரொம்ப மலிவு, வாங்கிப் போடுங்கள்.

ஒரே கார்டுல ரெண்டு, மூணு பேர் மூஞ்சி இருக்கே. அது யாரோட கார்டு?

புதுமுகங்களைச் சேர்த்துச் சேர்த்து அச்சடித்தவை அவை. நட்சத்திரமானவர் பெயரில்தான் சந்தையில் போகும். 1963 டாப்ஸ் 537ஆம் எண்ணைப் 'பீட் ரோஸ் கார்டு' என்பார்கள். அதே கார்டில் பெட்ரோ கொன்சாலஸ், கென் மெக்மல்லன், அல் வைஸ் மூவரும் இருக்கிறார்கள். 1982இல் கால் ரிப்கனோடு இருப்பவர்கள் பாப் பானரும் ஜெஃப் ஷ்னைடரும். ஷ்னைடர் 1981இல் 11 ஆட்டம் பந்துபோட்டார், அத்தோடு சரி. பானர் பிறகு ஜாம்பியாவுக்கு மிஷனரியாகப் போனார். ரிப்கன் 2,632 ஆட்டம் தொடர்ச்சியாக ஆடி, நாள் தவறாமல் வருவதில் சாதனை படைத்தார். மூன்று பேரையும் ஒரே அட்டையில் ஒட்டியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இதில் என் மனசில் நிற்பவர் பில் டெனஹி. 1967 டாப்ஸ் 581: நியூயார்க் மெட்ஸ் புதுமுகங்கள், டாம் சீவரும் டெனஹியும். அந்த வருடக் கடைசியில் மெட்ஸ் அணிக்கு வாஷிங்டனிலிருந்து கில் ஹாட்ஜஸ் மேனேஜராக வேண்டியிருந்தது. மாற்றுக்குக் கொடுத்தது 1,00,000 டாலரும் டெனஹியும். ஹாட்ஜஸ் 1969இல் மெட்ஸுக்கு உலகத் தொடரை வென்று கொடுத்தார். சீவர் புகழ்மண்டபத்துக்குப் போனார். டெனஹியின் மொத்தக் கணக்கு ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. பல வருடம் கழித்துப் பார்வையும் போயிற்று. தோளுக்குப் போட்ட கார்டிசோன் ஊசிகள்தான் காரணம் என்று அவரே சொல்லிவந்தார். சீவர் கார்டு என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களிடம், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். ஒரு அட்டைக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கறாங்களாமே?

ஆமாம். டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. அதே மாதம் 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்குப் போனது.

வாக்னர் கார்டு அரிதானதற்குக் காரணம், அவர் அனுமதி மறுத்ததால் அச்சை நிறுத்தியது. சிகரெட்டோடு தன் படம் குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது என்று மறுத்தார் என்பது ஒரு கதை. காசு போதாமல் மறுத்தார் என்பது இன்னொன்று. அவரே புகையிலை மெல்லுகிறவர்தான். இன்று ஐம்பது, அறுபது பிரதிகள்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள். மேன்டில் கதை வேறு. 1952 வரிசையின் கடைசித் தவணை, 311 முதல் 407 வரை, சீசன் முடியும் நேரத்தில் வந்ததால் கடைகள் வாங்கவில்லை. கிட்டங்கியில் கிடந்த மிச்சத்தை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். இன்னொன்று, பலர் நினைப்பதுபோல் அது மேன்டிலின் முதல் கார்டும் அல்ல. முதலாவது 1951 போமன்.

அப்போ பெரிய ஆட்டக்காரர்னாதான் விலையா?

இல்லை. எவ்வளவு அச்சானது, எவ்வளவு தப்பியது, எத்தனை பேருக்கு வேண்டும், இந்த மூன்றும்தான் விலை. ஆட்டத் திறமை மூன்றாவதில் மட்டும் வரும். மேலே சொன்ன கடலில் கொட்டிய தவணையில் மேன்டிலோடு இருந்த பெயர் தெரியாத ஆட்களின் கார்டுகள்கூட, அதே வருடத்து முந்தைய தவணைகளின் நல்ல ஆட்டக்காரர்களைவிட விலை அதிகம்.

இதற்குச் சிறந்த சாட்சி பில் ஓஹாரா. கனடாவின் டொராண்டோக்காரர். 1909இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், 1910இல் செயின்ட் லூயியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள், முடிந்தது. அவர் அணி மாறியதும் டி206 கார்டில் ஊர்ப் பெயரை மாற்றி 'செயின்ட் லூயி' என்று அடித்தார்கள். அந்த மாற்றம் 'போலார் பேர்' என்ற ஒரே ஒரு புகையிலை பிராண்டின் பாக்கெட்டில் மட்டும் வந்தது. ரே டெமிட் என்பவருக்கும் அதே கதை. இன்று 'நியூயார்க்' ஓஹாராவைச் சாதாரண விலைக்கு வாங்கலாம். 'செயின்ட் லூயி' ஓஹாராவுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். மனிதர் ஒருவரே, படமும் ஒன்றே. அடியில் ஒரு ஊர்ப்பெயர்தான் வித்தியாசம்.

'டி206'ன்னு பேரு யார் வச்சது? ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருக்கு.

ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் சாதாரண ஆலைத் தொழிலாளி, கடுமையான மூட்டுவாதக்காரர். கார்டுகளை யாரும் வரிசைப்படுத்தாத காலத்தில் அவர் ஒரு பட்டியல் போட்டார். 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை, 'என்' என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு, 'ஈ' என்றால் பழைய மிட்டாய், 'ஆர்' என்றால் பிந்தைய கம். இன்றும் அதே குறிகள்தான்.

மூன்று லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், வளைந்த விரல்களோடு தானே போய் ஆல்பங்களில் ஒட்டினார், வருடக்கணக்கில். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்தார். பசை போட்டு ஒட்டிவிட்டாரே என்று இன்றைய சேகரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவருக்கு விலை ஒரு பொருட்டாக இருந்திருந்தால்தானே!

கார்டுல வருஷமே போடலையே, எப்படிக் கண்டுபிடிக்கறது?

டாப்ஸ் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். கணக்கு 1958 வரை இருந்தால் அது 1959 கார்டு. பெரும்பாலும் இந்த ஒரு விதி போதும். அளவும் உதவும்: 1957 முதல் இன்றைய அளவு, 2.5க்கு 3.5 அங்குலம், 1952 முதல் 1956 வரை அதைவிடச் சற்றுப் பெரிது. டி206இல் கணக்கே இருக்காது, பின்னால் சிகரெட் விளம்பரம்தான். அதில் உள்ள தொழிற்சாலை எண்ணும் '150', '350', '460' என்ற தொடர்க் குறிப்பும் எந்தக் கட்டத்தில் அச்சானது என்று சொல்லும். பீட்மான்ட், ஸ்வீட் கபோரல் விளம்பரங்கள் மலிவாகக் கிடைக்கும். மற்ற சில பிராண்டுகள் அரிது.

அசலா, நகலான்னு எப்படித் தெரியும்?

நான் ஏமாந்த கதையைச் சொன்னால் தெரிந்துவிடும். கார் பயணத்தில் சாலையோரப் பழம்பொருள் கடை ஒன்றில், மங்கலான கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் டை காப்பின் டி206 கார்டு. 80 டாலர். கிழவரிடம் பேரம் பேசி 70க்கு வாங்கி, வழியெல்லாம் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெயர் எழுத்துகள் முழுக்கப் புள்ளி புள்ளி. அசல் கல்லச்சில் எழுத்து ஒரே மையில் அழுத்தமாக இருக்கும். படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால்தான் எழுத்தும் புள்ளியாக உடையும். டாப்ஸ் கார்டுகளிலும் எழுத்துக்கும் கோட்டுக்கும் இதே சோதனை.

இரண்டாவது சோதனை புறஊதா விளக்கு. போருக்குப் பிறகுதான் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பது பரவியது. 1910 கார்டு அந்த வெளிச்சத்தில் நீலமாக ஜொலித்தால் அது 1910 அல்ல. மூன்றாவது அளவு: டி206 சுமார் 3.7க்கு 6.7 செ.மீ. சட்டத்துக்குள் இருப்பதை வெளியே எடுத்துக் காட்டமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். அந்த காப் இன்னும் அலமாரியில் இருக்கிறது, மேல் தட்டில்.

பிளாஸ்டிக் பெட்டியில 7, 8ன்னு மார்க் போட்டு வருதே, அது செய்யணுமா?

அதுதான் கிரேடிங். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற கம்பெனிகள் மூலை, ஓரம், மேற்பரப்பு, நடுவாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டுச் சீல் வைக்கும். விலையுயர்ந்த கார்டுக்கு அவசியம். இரண்டு டாலர் கார்டுக்கு, அதன் விலையைப்போலப் பல மடங்கு கட்டணம் கட்டி மார்க் வாங்குவது பிள்ளையின் எல்.கே.ஜி. ரேங்க் கார்டைச் சட்டம் போடுவது மாதிரி. ஆசைக்குச் செய்யலாம்.

மார்க்கும் வேதவாக்கு அல்ல. 1991இல் பிஎஸ்ஏ தொடங்கியபோது முதலில் மார்க் போட்ட பிரபலமான வாக்னர் கார்டின் ஓரத்தைத் தான் வெட்டியதாக, அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டு என்று தெரிந்த பிறகும் அதற்கு மவுசு குறையவில்லை.

தப்பா அச்சான கார்டுக்குத்தான் விலை அதிகமாமே?

தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தால் மட்டும். டி206இல் ஷெர்ரி மகீ என்பவரின் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்து, உடனே திருத்தினார்கள். பிழையோடு உள்ளது சில மட்டுமே தப்பியதால் கொள்ளை விலை. திருத்தாமலே விட்டால் எல்லாப் பிரதியும் தப்புத்தான், அரிதாகாது. 1957 ஹாங்க் ஆரன் படத்தைப் பிலிமைத் திருப்பிப் போட்டதால் இடதுகைக்காரராகத் தெரிவார். 1959இல் லூ பர்டெட் வேண்டுமென்றே இடதுகையில் பந்து வைத்துப் போஸ் கொடுத்து டாப்ஸை ஏமாற்றினார். 1969 அவ்ரேலியோ ரோட்ரிகஸ் கார்டில் இருப்பது ரோட்ரிகஸே அல்ல, அணியில் பேட் எடுத்துக்கொடுக்கும் பையன்.

கறுப்பின ஆட்டக்காரர்களோட பழைய கார்டு ஏன் கண்ணுல படறதில்ல?

1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை மேஜர் லீக் அவர்களுக்கு மூடியிருந்தது. அவர்கள் நீக்ரோ லீக்குகளில் ஆடினார்கள். அமெரிக்க சிகரெட், கம் கம்பெனிகள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் கியூபாவில் ஆடியவர்களுக்கு அங்கே கார்டு வந்தது. 1920களின் 'பில்லிகென்' வரிசையில் ஆஸ்கர் சார்ல்ஸ்டன் இருக்கிறார். ஜோஷ் கிப்சனின் போர்ட்டோ ரிக்கோ கார்டு 1950 வாக்கில் வந்தது. அவர் 1947 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு.

'ஒரு கப் காபி' என்ற கணக்கே இங்கே சிக்கலாகிறது. ஆர்ட்டி வில்சன் பதிவில் நெடுங்காலம் 19 ஆட்டம், 22 முறை பேட், 4 ஹிட் என்று மட்டுமே இருந்தது. எல்லாம் 1951இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு, 30 வயதுக்குப் பிறகு. அவரைக் கீழே அனுப்பிவிட்டு அழைத்த பையன், பின்னாளில் பெரும் நட்சத்திரமான வில்லி மேஸ். ஆனால் அதற்கு முன் பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸில் ஐந்து சீசன் ஆடிய பெரிய ஆட்டக்காரர் அவர். மேஸும் அங்கே கூட ஆடியவர்தான். 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளுக்கும் மேஜர் அந்தஸ்து கொடுத்தது. 2024இல் கணக்குகளையும் சேர்த்தது. காகிதத்தில் வில்சன் ஒரே நாளில் நெடுநாள் ஆட்டக்காரர் ஆனார். அதற்குள் அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கொஞ்ச நாள் ஆடினவங்களுக்கு பென்ஷன் உண்டா?

எப்போது ஆடினார் என்பதைப் பொறுத்தது. 1980 மே மாத ஒப்பந்தத்துக்குப் பிறகு 43 நாள் அணியில் இருந்தாலே பென்ஷன் உரிமை. அதற்கு முன் நான்கு வருடம் வேண்டும். புதிய விதியை முன்தேதியிட்டுக் கொடுக்கவில்லை. ஆகவே 1981இல் ஒன்றரை மாதம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்குப் பென்ஷன். 1970களில் மூன்றே முக்கால் வருடம் ஆடியவருக்கு இல்லை. 2011இல் லீக்கும் சங்கமும் சேர்ந்து, விடுபட்டவர்களுக்கு ஒவ்வொரு 43 நாளுக்கும் வருடத்துக்கு 625 டாலர், அதிகபட்சம் 10,000 என்று ஒரு தொகை கொடுக்க ஆரம்பித்தன. அது பென்ஷன் அல்ல; ஆள் இறந்தால் மனைவிக்கு வராது. மேலே மேன்டில் கார்டு விலையைச் சொன்னேனே, அதை நினைத்துக்கொண்டு இந்த 625ஐப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

முதலீடா வாங்கலாமா? எங்கே ஆரம்பிக்கறது?

முதலீட்டுக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள், காப் கதையைப் படித்தீர்கள்தானே. ஆசைக்கு என்றால் 1960கள், 70களின் டாப்ஸ் 'காமன்' கார்டுகளில் ஆரம்பியுங்கள். நட்சத்திரம் அல்லாதவர்களுக்கு அதுதான் சந்தைப் பெயர். மூலை மழுங்கியதென்றால் ஒன்றிரண்டு டாலர். வாங்கியதும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், துடைக்க வேண்டாம், டேப் கூடவே கூடாது. அப்புறம் பெயரைத் தேடுங்கள். பேஸ்பால் ஆய்வுச் சங்கமான சேபர் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வைத்திருக்கிறது, பத்து நாள் ஆடியவர் உள்பட.

நான் முதலில் வாங்கியது 1964 டாப்ஸ் 550, கென் ஹப்ஸ். சிகாகோ கப்ஸின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர், 1962இன் சிறந்த புதுமுகம், 78 ஆட்டம் தொடர்ந்து பிழையில்லாமல் ஆடியவர். 1964 பிப்ரவரியில் யூட்டாவில் பனிப்புயலில் தன் சிறு விமானத்தோடு விழுந்து இறந்தார், 22 வயது. வழக்கமான கார்டுக்குப் பதில் டாப்ஸ் அஞ்சலிக் கார்டு போட்டது. யாரென்று தெரியாமல், அட்டை வித்தியாசமாக இருக்கிறதே என்று வாங்கினேன். அலமாரி அங்கேதான் ஆரம்பம்.

வயசான ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதி கையெழுத்து வாங்கலாமா? தொந்தரவா நினைப்பாங்களோ?

எழுதலாம். பெரிய நட்சத்திரங்கள் காசு கேட்பார்கள் அல்லது பதிலே வராது. சிறிய காலம் ஆடியவர்கள் பெரும்பாலும் பதில் போடுகிறார்கள். கார்டு, கையால் எழுதிய அரைப் பக்கக் கடிதம், தபால்தலை ஒட்டிய திரும்பும் உறை, மூன்றும் வையுங்கள். விற்க அல்ல என்பது கடிதத்திலேயே தெரிய வேண்டும். பத்து கார்டை ஒரே உறையில் திணிக்காதீர்கள்.

1970களில் ஒரு சீசன் மட்டும் பந்துபோட்ட ஒருவருக்கு இப்படி எழுதினேன். மூன்று வாரத்தில் உறை திரும்பி வந்தது. கார்டில் நடுங்கிய நீலக் கையெழுத்து, கூடவே மடித்த ஒரு சின்னக் காகிதம். இந்தக் கார்டு உங்களிடம் இன்னொன்று இருக்குமா, வீடு மாறியதில் என்னுடையது போய்விட்டது, பேத்தி கேட்கிறாள் என்று எழுதியிருந்தார். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை ஒன்றரை டாலருக்கு வாங்கி அனுப்பினேன், தபால் செலவு அதைவிட அதிகம்.